தெருவின் பணம் தெருவுக்கே

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே தெற்கு நோக்கி வருகிற ஒருவர், புதுச்சேரியின் எல்லையை எட்டுவதற்கு முன் மேற்கே திரும்பிச் செம்மண் மேட்டின் மீது ஏறுவாரானால், ஆரோவில்லை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் இடையஞ்சாவடி முதலிய வானூர் வட்டத்துச் சிற்றூர்களிலே விசித்திரமான ஒரு முரண்பாட்டைக் காண்பார். சென்னையிலிருந்து அவரை இரண்டு மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த பெருஞ்சாலை கண்ணாடிபோல் இருக்கிறது. ஊரை ஊரோடு இணைக்கும் தார்ச்சாலையும் ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தார்ச்சாலையிலிருந்து விலகி ஒரு வீட்டின் வாசற்படி வரைக்கும் போகவேண்டிய கடைசி நூறு கஜம் இருக்கிறதே, அங்கேதான் சர்க்காரும் சமூகமும் சட்டமும் ஒருங்கே கைவிரித்து நிற்கின்றன. மனைக்கு விலை ஏறியிருக்கிறது. அந்த மனைக்குப் போகிற வழியோ முந்திரித் தோப்பாக இருந்த காலத்து வண்டித் தடமாகவே கிடக்கிறது.

இப்படிப்பட்ட மனைப்பிரிவு ஒன்றைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. நுழைவாயிலில் வர்ணம் பூசிய வளைவு, உள்ளே வரிசை வரிசையாக எண்ணிட்ட கற்கள், கற்களுக்கிடையே வேலிக்காத்தான். பத்து மனைக்கு ஒன்றாக வீடு எழும்பியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் தம் வாசலுக்கு முன்னால் மட்டும், கட்டிட வேலையில் மிஞ்சிய செங்கல் உடைசலையும் கப்பியையும் கொட்டி மேடாக்கிக் கொண்டிருக்கிறார். அதன் பலனாக ஐப்பசி மழையின் தண்ணீர் அடுத்த மனையின் ஓரமாக ஒதுங்கி, செம்மண்ணை அரித்து, முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடையை வெட்டிவிட்டிருக்கிறது. தண்ணீர் அவருடைய சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கழிவுநீர் அவருடைய சொந்தக் குழியிலேயே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்தால் மனம் சற்றுக் கலங்கத்தான் செய்கிறது. சாலை, குடிநீர், சாக்கடை, விளக்கு ஆகிய நான்கையும் ஒவ்வொரு வீடும் தனித்தனியே தனக்குத் தானே நிர்மாணித்துக்கொள்ள முயல்வதைவிடச் செலவு மிகுந்த, பிரயோஜனம் குறைந்த ஏற்பாடு வேறொன்று இருக்க முடியாது.

இத்தகைய தெருவாசிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பணம் கொடுக்க மாட்டார்கள், எல்லாம் இலவசமாக வேண்டும் என்பார்கள்" என்று நகரத்துக் கனவான்கள் எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். இதைக்காட்டிலும் அநியாயமான அபிப்பிராயம் இல்லை. ஒரே தெருவுக்காக அவர்கள் எத்தனை தடவை பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனை வாங்கும்போது, "முப்பதடி ரோடு" என்று நோட்டீஸில் அச்சிட்டிருந்ததற்காகவே சதுர அடிக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருந்தால், சாலைக்கான நிலத்தைத் தானப்பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு எழுதிவைத்தாயிற்று. அந்த நிலத்தின் மதிப்பும் மனை விலையிலேதான் ஏறியது. அங்கீகாரமற்ற மனையாக இருந்தாலோ, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபின், 2017 மே மாதத்தில் வந்த வரன்முறை விதிகளின் கீழ், வரன்முறைக் கட்டணம் என்றும் அபிவிருத்திக் கட்டணம் என்றும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டினார்கள். அதன்பின் வீட்டு வரி. 2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் வந்தபோது, ஊருக்குள் அமையும் குழாய் வேலைகளின் செலவில் பத்தில் ஒரு பங்கை, ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் கிராமங்களிலே இருபதில் ஒரு பங்கை, ரொக்கமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஊரார் தர வேண்டும் என்றது அதன் வழிகாட்டு நெறி. இவ்வளவுக்கும் மேலாக, தெருவிற்கு சிமென்ட் சாலை வேண்டுமென்று மனுக் கொடுத்தால், "நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டுங்கள், பார்க்கலாம்" என்ற பதில் வருகிறது.

ஆகவே கொடுக்க மனமில்லாமை வியாதியல்ல. கொடுத்த பணம் எந்தத் தெருவுக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தத் தெருவின் பெயரிலே பற்றுவரவு எழுதப்பட்டு, அந்தத் தெருவாரின் கண்ணெதிரே வைக்கப்படுவதை நான் எங்கும் கண்டதில்லை. வியாதி அங்கே இருக்கிறது. அபிவிருத்திக் கட்டணம் என்று பெயரிட்டு வாங்கிய தொகை பொது நிதி என்னும் பெருங்குளத்தில் விழுந்தபின், அதில் தங்கள் துளி எது என்று தெருவார் கேட்பதற்கு வழியே இல்லாமற் போகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவரும் அபிவிருத்தி வட்டாரம் என்னும் ஏற்பாடு இந்த வியாதிக்கே நேர் மருந்தாக ஏற்பட்டது. அதன் தத்துவம் மிகச் சுலபமானது. ஒரு தெருவுக்கோ சில தெருக்கள் சேர்ந்த ஒரு பகுதிக்கோ சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய், விளக்கு முதலிய சௌகரியங்கள் வேண்டுமாயின், அவற்றால் நேரடியாக நன்மையடையும் நிலங்களைச் சுற்றி வரைபடத்தில் ஓர் எல்லை வரையப்படுகிறது; செலவு மதிப்பிடப்பட்டு, ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் முகப்பு நீளத்தையோ பரப்பையோ பொறுத்து இவ்வளவு என்று பங்கு பிரிக்கப்படுகிறது; உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் கேட்டு, பெரும்பாலோர் இசைந்தால் ஸ்தல ஸ்தாபனம் கடன் வாங்கி வேலையை முடித்துவிடுகிறது; உரிமையாளர்கள் தங்கள் பங்கைப் பத்துப் பதினைந்து ஆண்டுத் தவணைகளில் கட்டுகிறார்கள்; பங்கு நிலத்தின்மீது பற்றாக நிற்பதால், நிலம் கை மாறினாலும் அது நிலத்தோடேயே போகிறது. அந்த எல்லைக்குள் வசூலான காசு அந்த எல்லைக்கு வெளியே செலவாகக்கூடாது என்பது அதன் உயிர்நாடி.

இது நமக்குப் புதியதென்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1892-இல் தனியார் தெருக்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டு, தெருவைச் செப்பனிடும் செலவை அத்தெருவை நோக்கிய நிலங்களின்மீது முகப்பு நீளத்துக்கேற்பப் பகிர்ந்தார்கள். அதே கருத்துதான் 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும், 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் இடம்பெற்றது: தனியார் தெரு ஒன்று சமன்படுத்தப்படாமலும் கல் பாவப்படாமலும் சாக்கடையோ விளக்கோ இல்லாமலும் கிடந்தால், அதை நோக்கிய நிலக்காரர்களைச் செய்யும்படி கேட்கலாம், செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். 1920-இலேயே வந்த நகரமைப்புச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, திட்டத்தால் மதிப்பு உயர்ந்த நிலத்தின்மீது மேம்பாட்டு வரி விதிக்கவும் இடம் வைத்தது. ஏரியை வற்றச் செய்து மாம்பலத்திலே தியாகராய நகரை அமைத்த காலம் அது. தெருக்களை வகுத்தபின் மனைகளை விற்பதுதான் முறை என்பதை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். சட்டம் இருந்தது, ஆனால் அது நகரத்தோடு நின்றது. நகரத்திலும் பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றது. கிராமமாகப் பதிவேட்டில் இருந்துகொண்டே நகரமாக மாறிவரும் இடையஞ்சாவடி போன்ற ஊர்களுக்கு அது எட்டவேயில்லை.

புத்தகத்தோடு நில்லாமல் தெருவில் இறங்கிய ஒரு திருஷ்டாந்தம் நம்மிடையே உண்டு. அதை நாம் உரிய அளவு நினைவுகூர்வதில்லை. சென்னை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஆலந்தூர், அப்போது தனி நகராட்சியாக இருந்தது. செப்டிக் தொட்டிகள் நிரம்பி வழிவதும் லாரிகள் வந்து உறிஞ்சிக்கொண்டு போவதுமாக இருந்த அவ்வூருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்று, 1990-களின் பிற்பகுதியிலே, அந்நாள் நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியின் முன்முயற்சியில் தீர்மானித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். முழுவதையும் மானியமாகக் கேட்டுக் காத்திருந்தால் இன்றும் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோ வீடொன்றுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத்தொகை நிர்ணயித்து, குடியிருப்போர் சங்கங்களையெல்லாம் கூட்டிப் பேசி, வார்டு வார்டாகப் போய் வாங்கினார்கள். எஞ்சியதற்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் முதலியவற்றின் கடனும் மானியமும் கிடைத்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தித் திருப்பித் தரும் முறையில் ஒப்படைத்தார்கள். 2000-இல் வேலை தொடங்கி, சில ஆண்டுகளில் சாக்கடை ஓடிற்று. குழாய் பூமிக்குள் இறங்குவதற்கு முன்னமே ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பத்தார் கையிலிருந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து ஒரு நகராட்சியிடம் நம்பிக் கொடுத்தார்கள் என்ற ஒரே விஷயம், நம் ஜனங்களைப் பற்றிய அவதூறுகளுக்கெல்லாம் போதுமான மறுப்பு.

ஆனால் ஆலந்தூரைப் புகழ்கிற அவசரத்தில் அதன் குறையைப் பார்க்காமல் விடலாகாது. சிறு ஓட்டு வீட்டுக்கும் ஐயாயிரம், மூன்று கிரவுண்டு மாளிகைக்கும் ஐயாயிரம் என்பது வசூலிக்க எளிதே தவிர நியாயமாகாது. மேலும், அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு மனையிலும் வீடு இருந்தது, வீட்டில் ஆள் இருந்தார். இடையஞ்சாவடிப் பக்கத்திலோ பத்து மனைக்கு ஒரு வீடு. மற்ற ஒன்பது மனைகளின் உரிமையாளர்கள் புதுச்சேரியிலும் சென்னையிலும், சில சமயம் கடல் கடந்தும் இருக்கிறார்கள். மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம், விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் தெருவில் குடியிருக்கிற ஐந்து குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தட்டுத் தடுமாறிச் சேர்த்து, சிமென்ட் சாலை போட்டுக்கொண்டால், மறுமாதமே எல்லா மனைகளின் விலையும் சேர்ந்து உயர்கிறது. ஐந்து பேர் கட்டினார்கள். ஐம்பது பேர் பெற்றார்கள். நகரங்களில் காலி மனைக்கும் வரி உண்டு. கிராம ஊராட்சியின் சொந்த வரிகளில் முதன்மையானது வீட்டு வரி. ஆகவே கட்டியவனுக்கு வரி, கட்டாதவனுக்கு லாபம் என்பதே நடைமுறைச் சட்டமாகிவிட்டது. நமக்கு நாமே என்பதில் "நாம்" யார் என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 1997-இல் தொடங்கி, 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-இல் பழைய பெயரோடே திரும்பி வந்திருக்கும் அத்திட்டம், இரண்டு எதிரெதிர்க் கட்சிகளின் ஆட்சியிலும் உயிரோடிருந்த அபூர்வமான திட்டங்களில் ஒன்று. அதன் மூலம் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றுச்சுவரும் ஊர்களுக்குச் சாலையும் கிடைத்தன. ஆயினும் அதன் பங்குத்தொகை நன்கொடையாகவே கருதப்படுகிறது. தனி மனிதரும் தரலாம், குழுவும் தரலாம், நிறுவனமும் தரலாம். நன்கொடை கொடுக்க ஒரு தனவந்தர் இருக்கிற தெருவுக்குச் சாலை முந்தி வருகிறது, கூடவே அவர் பெயர் பொறித்த கல்லும் வருகிறது. நன்கொடையாளர் இல்லாத தெரு காத்திருக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்குப் பங்கு குறைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஈரப்பசையே இல்லாத கையிலிருந்து குறைந்த பங்கும் வராது. வரி என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். நன்கொடை என்றால் மனம் இருப்பவனும் மானம் பார்ப்பவனும் கொடுப்பான், மற்றவன் நடந்துபோவான்.

கிராமத்துக்கு வசூல் தெரியாது என்பதும் பொய். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடாத ஊர் இந்த வட்டாரத்தில் உண்டா? இத்தனை தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்கூடித் தீர்மானித்து, வெளியூரில் வேலை பார்க்கிறவனிடமும் விடாமல் வாங்கி, திருவிழா முடிந்தபின் கோயில் வாசலிலே உட்கார்ந்து பூ வாங்கியது இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வாணத்துக்கு இவ்வளவு என்று கணக்கை வாசித்து, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு ஒப்படைப்பார்கள். கடற்கரைக் குப்பங்களிலே மீனவர் பஞ்சாயத்துகள் பிடிபட்ட மீனின்மீதே வரி விதித்து, அந்த வரியை வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுப் பொதுக் காரியங்களை நடத்தி வந்திருக்கின்றன. சர்க்கார் கணக்கில் இல்லாத நேரடித்தன்மை இந்தக் கணக்குகளில் இருக்கிறது: கொடுத்தவன் கேட்கிறான், வாங்கியவன் அன்றே பதில் சொல்கிறான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இதைச் சொல்லாமல் தலைக்கட்டு வரியைப் புகழ்வது சுலபம், நேர்மையாகாது. ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்துகிடக்கும் கிராமத்திலே ஊர்க் கணக்கு என்பது ஊருக்கே உரிய கணக்கு. காலனிக்கு அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. பெண்களின் குரலும் அக்கூட்டங்களில் கேட்பது அருமை. பழைய குடிமராமத்தைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களும், வாய்க்கால் வெட்டிய கைகள் யாருடையவை, அந்த வாய்க்காலில் பாய்ந்த நீர் யாருடைய வயலுக்குப் போயிற்று என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1858-இல் சென்னை சர்க்கார் அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே செய்தது. ஆகவே அபிவிருத்தி வட்டாரம் என்ற ஏற்பாட்டை நம் கிராமத்தில் அப்படியே நட்டால், வசதியுள்ள மனைப்பிரிவு தனக்குத் தானே எல்லை வரைந்துகொண்டு நல்ல சாலையும் விளக்கும் போட்டுக்கொள்ளும். காலனித் தெருவும், வடக்கே உப்பளத்தில் வரப்பு மிதித்து உப்பு வாரும் கூலிக்காரரின் தெருவும், "உங்களுக்கும் வட்டாரம் வைத்துக்கொள்ளுங்களேன்" என்ற உபதேசத்தோடு விடப்படும். மதிப்பு உயர்ந்து விற்று லாபம் பெறும் நிலத்தின்மீது விதிப்பதுதான் இவ்வரியின் நியாயம். விற்க நினையாத, விற்றாலும் விலை போகாத இரண்டு சென்ட் வீட்டுமனைப் பட்டாவில் குடியிருப்பவனிடம் அந்த நியாயம் செல்லாது. அங்கே முழுச் செலவும் பொது நிதியினுடையதாகவே இருக்கவேண்டும். மனைப்பிரிவுகள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்வதால் மிஞ்சுகிற பொதுப் பணம் முதலில் அங்கேதான் போகவேண்டும். அவ்வாறு விதியிலேயே எழுதாவிட்டால் இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

உப்பைக் குறிப்பிட்டதனால் உப்பின் கதையையும் சொல்லிவிடலாம். உப்பு வணிகரான உமணரின் வண்டிகளிலே, மேடும் பள்ளமுமான வழியை நம்பாமல், அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போன வழக்கத்தை ஔவையார் புறநானூற்றில் அதியமான் மகனைப் புகழ உவமையாக்கியிருக்கிறார். உப்புக்கும் மோசமான சாலைக்கும் இருக்கிற உறவு அவ்வளவு தொன்மையானது. பின்னர் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து மரக்காணத்தில் முடிந்தது; சாலையில்லாக் கரைக்குத் தண்ணீரே சாலையாயிற்று. சுதந்திரத்துக்குப் பின், 1953-இல், உப்பு மேல்வரிச் சட்டம் இயற்றப்பட்டு, உப்புத் தொழிலின் அபிவிருத்திக்கும் தொழிலாளர் நலனுக்கும் என்று டன்னுக்கு மூன்றரை ரூபாய் கணக்கில் வரி விதித்தார்கள். ஒரு தொழிலின்மீது விதித்து அத்தொழிலுக்கே திருப்பும் அந்த எண்ணம், நாம் பேசுகிற தத்துவத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் பணம் தில்லிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ரூபாயின் மதிப்பு எங்கோ போய்விட்ட பின்னும் வரி மூன்றரை ரூபாயாகவே நின்றது. கடைசியில், வசூல் சிறிது, தொல்லை பெரிது என்று 2016-இல் சிறு மேல்வரிகள் பலவற்றோடு அதுவும் எடுக்கப்பட்டது. எந்த வரியும் தான் செலவாகும் இடத்திலிருந்து தூரமாகப் போகப் போக அதன் நியாயம் வற்றிப்போகிறது என்பதற்கு இந்தக் கரையிலேயே இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்கரின் அனுபவத்திலும் நாம் அஞ்சவேண்டியது ஒன்று உண்டு. 1920-களில், பல மாநிலங்களில், மனை வியாபாரிகள் வெறும் வெளியில் தெருக்களைக் கோடிட்டு, அபிவிருத்தி வட்டாரங்களின் பெயரில் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, நடைபாதையும் குழாயும் விளக்குக் கம்பங்களும் நிர்மாணித்தார்கள். வீடு கட்ட ஆள் வரவில்லை, மந்தம் வந்தது. தவணை கட்டாத மனைகள் ஆயிரக்கணக்கில் ஏலத்துக்குப் போயின. வாங்குவாரில்லாமல் பல ஊராட்சி அமைப்புகளே கடன் தீர்க்க முடியாமல் திணறின. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் இன்று நடக்கிற மனை விற்பனையைப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சரித்திரம் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. ஆகையால், குறிப்பிட்ட பங்கு மனைகளிலாவது வீடு எழும்பி ஆள் குடியேறாத மனைப்பிரிவுக்குக் கடன் கொடுத்து வேலை தொடங்கலாகாது. ஆளில்லாத் தெருவுக்கு விளக்குப் போடும் பொறுப்பு விற்றவருடையது, வாங்கியவருடையதோ ஊராட்சியுடையதோ அல்ல.

இனி எல்லையை எப்படி வரைவது என்ற விஷயம். சட்டப் புத்தகங்கள் தெருவின் முகப்பைக் கொண்டு அளக்கின்றன. சமதரையான நகரத்துக்கு அது பொருந்தும். இந்தச் செம்மண் மேட்டிலோ எஜமான் மழைதான். மேட்டின் உச்சியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒவ்வொரு துளியும் தான் போகிற வழியை வெட்டிக்கொண்டே போகிறது. பொம்மையார்பாளையத்துப் பக்கம் மழைக்காலத்தில் கடல் சிவப்பாவது மேட்டிலுள்ள தெருக்களும் வயல்களும் கரைந்து இறங்குவதால்தான். 1968-க்குப் பின் ஆரோவில்லுக்கு வந்தவர்கள் முதலில் செய்த காரியம் வீடு கட்டுவதல்ல, வரப்புக் கட்டுவது; தண்ணீரை ஓடவிடாமல் தடுத்து, மண்ணில் இறக்கி, அதன்மேல் மரம் வைத்தார்கள். இது தெரியாமல் மேல் தெருவுக்கு சிமென்ட் போட்டால், முன்பு மண்ணில் பாதி இறங்கிய தண்ணீர் முழுவதும் வேகத்தோடு கீழ்த் தெருவில் வந்து விழும்; மேல் தெருவின் அபிவிருத்தி கீழ்த் தெருவின் அழிவாகும். ஆகவே இங்கே வட்டாரத்தின் எல்லை நீர் வடியும் சரிவைப் பின்பற்ற வேண்டும். உச்சியிலுள்ள மனையும் அடிவாரத்திலுள்ள மனையும் ஒரே கணக்கில் இருந்தாலொழிய, தெருவோரக் கால்வாய், இடையிடையே நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகள், சிறுபாலம், கடைசியில் ஒரு குட்டை என்ற தொடரைக் கட்டுவதற்கு யாரும் முன்வர மாட்டார்கள். சாலையின் தடிப்பைப் பற்றிப் பொறியாளர்கள் சண்டையிடுவதை விட்டு, முதலில் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டால் பாதிச் செலவு மிஞ்சும்.

பணிகளின் வரிசையைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. முதலில் கால்வாய், அடுத்துக் குடிநீர்க் குழாய், கம்பம், கடைசியில் சாலை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு இலாகாவும் வெவ்வேறு தலைப்பில் நிதியும் இருப்பதால், எந்த நிதி முதலில் வருகிறதோ அந்த வேலை முதலில் நடக்கிறது; பேவர் பிளாக் பதித்த மறு மாதம் குழாய்க்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பது இதனாலேயே. ஒரு தெருவுக்கு ஒரு கணக்கு என்று ஏற்பட்டால், நான்கு இலாகாக்களும் அந்த ஒரே கணக்கில் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும். அதனால் விளையும் சிக்கனம், வசூலாகும் வரியைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரு தெருவில் யாரைக் கேட்டு வேலை செய்கிறோம் என்பதும் பணத்துக்குச் சமமான விஷயம்தான். ஆரோவில்லின் நடுவே வட்டச் சாலை போடுவதற்காக 2021 டிசம்பரில் மரங்களை அகற்றத் தொடங்கியதும் எழுந்த விவகாரம், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்புச் சொல்லும் வரை இழுத்ததை இவ்வூரார் அறிவர். அங்கே பாராளுமன்றம் 1988-இல் இயற்றிய தனிச் சட்டமே இருந்தது. சட்டமும் நிதியும் இருந்த இடத்திலேயே ஒரு சாலைக்கு இந்தக் கதி என்றால், இரண்டும் இல்லாத மனைப்பிரிவில் சம்மதமில்லாமல் எதைச் செய்வது?

சம்மதம் பெறுவதற்கு நம்மிடம் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தெருக் கணக்கை அங்கே வாசிக்கலாம், வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் காலி மனைக்காரர் அவ்வூர் வாக்காளரல்லர்; அவர் கிராம சபையில் வந்து உட்காரவும் மாட்டார், உட்கார்ந்தவர்கள் செய்த தீர்மானத்துக்குக் கட்டுப்படவும் மாட்டார். அவருக்குப் பதிவுத் தபாலில் மதிப்பீட்டின் நகலை அனுப்பி, இரண்டு மாத அவகாசம் கொடுத்து, எல்லைக்குள் அடங்கிய நிலப்பரப்பில் பாதிக்கு மேற்பட்டதன் உரிமையாளர்கள் எழுத்து மூலம் ஆட்சேபித்தாலன்றித் திட்டம் நிறைவேறும் என்று விதி செய்ய வேண்டும். அதோடு நில்லாமல், குடியிருப்போர் தரப்பிலும் பெரும்பான்மை கேட்க வேண்டும். இல்லையேல் இருபது மனை வாங்கிப் போட்டிருக்கும் ஒருவர் இருபது குடும்பங்களின் தெருவுக்கு எஜமானராகிவிடுவார். வரன்முறைக்காக முன்னரே கட்டிய அபிவிருத்திக் கட்டணத்தை, ரசீதைக் காட்டினால், அந்த மனையின் பங்கிலிருந்து கழித்துக்கொள்வது குறைந்தபட்ச நாணயம்.

வசூலாகுமா என்று கேட்பார்கள். ஊராட்சிச் செயலர் சைக்கிளில் போய் அமெரிக்காவிலிருக்கும் மனைக்காரரிடம் வசூலிக்க முடியாதுதான். அதற்கு அவர் போகவேண்டிய அவசியமில்லை. தெருக் கணக்கில் ஒரு மனையின் பேரில் நிற்கும் பாக்கியை, சர்வே எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, வில்லங்கச் சான்றில் ஏறும்படி செய்துவிட்டால் போதும். வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் வில்லங்கச் சான்று இல்லாமல் எதுவும் நகராத இந்த நாட்டில், பாக்கியைத் தீர்க்காமல் அந்த மனை கை மாறாது. வட்டியும் அதற்குள் ஏறியிருக்கும். பத்திரப்பதிவுத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒரே கோட்டையில் இயங்குகிறவை. இதற்கான அரசாணையை அவை இரண்டும் கூடி எழுத ஒரு பிற்பகல் போதும். சோதித்துப் பார்க்க வானூர் வட்டத்தில் மனைப்பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை.